ஊருக்கு ஒரு சட்டை

ஜூலை 4, வெள்ளி

பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கச் சொன்னார். நான் காதில் விழாததுபோல உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவையும் சொன்ன பிறகுதான் எழுந்தேன்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த மனிதர் ஒரு பைக்கு மேல் தூக்கி நான் பார்த்ததில்லை. ரயில்வே மெயில் சர்வீஸில் தபால் பிரிக்கிற உத்தியோகம். ஓடுகிற வண்டியில் ராத்திரி முழுக்க நின்றபடியே கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போட வேண்டும். விடிந்தால் ஏதோ ஓர் ஊரில் ஓய்வறை, இருட்டினால் மறுபடி வண்டி. தோளில் ஒரு காக்கிப் பை. அதில் ஒரு சட்டை, ஒரு வேட்டி, துண்டு, சோப்பு. "ஒண்ணு ஒடம்புல, ஒண்ணு கொடியில. மனுசனுக்கு அதுக்கு மேல எதுக்கு?" என்பார். மகள் வேணியைக் கட்டிக் கொடுத்து முதல் தடவையாக ஓசூருக்குப் போனபோதும் அதே பைதான். சம்பந்தி வீட்டுக் கொடியில் இவர் சட்டை சொட்டச் சொட்டத் தொங்கியதைப் பார்த்து எனக்கு மானமே போயிற்று. எந்த ஊருக்குப் போனாலும் நான் பாதி நேரம் குளியலறையில் குத்தவைத்துத் துவைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். திருச்செந்தூரில் கடலைப் பார்த்ததைவிட லாட்ஜ் வாளியைப் பார்த்ததுதான் அதிகம்.

அந்த நாளில் இவர் இல்லாத வீட்டில் தூக்கம் வராமல் எழுத ஆரம்பித்ததுதான் இந்த நாட்குறிப்பு. இப்போது எல்லா ராத்திரியும் வீட்டில்தான் இருக்கிறார். ஆனாலும் பழக்கம் போகவில்லை.

பெட்டியைத் துடைத்துக் கொடுத்தேன். பீரோவைத் திறந்து தன் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். தீபாவளிக்கு எடுத்தது, வேணி வாங்கி அனுப்பியது, ரிட்டயர் ஆன அன்று போட்டது, கழுத்து நைந்து வீட்டில் போடுவது, எல்லாம். ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

"இம்புட்டு எதுக்கு? பத்து நாளுதான போறோம்?"

"இந்தத் தடவ நீ சோப்பையே தொடக் கூடாது, வடிவு. போட்டுக் கழட்டுனத அங்கனயே விட்டுட்டு அடுத்த ஊருக்குப் போயிரணும். வரும்போது கைய வீசிக்கிட்டு வரலாம்."

"நல்லாருக்கு கத. நல்ல துணிய யாராவது விட்டுட்டு வருவாகளா?"

"கெடக்குளா, விடு. நீ தொவச்சது போதும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. காலம் போன கடைசியில் இந்தக் கரிசனம்.

மதுரை டாக்டர் சொன்னதை இதில் எழுதாமலே தள்ளிக்கொண்டு வருகிறேன். ஈரலில் இருக்கும் கட்டி மருந்துக்கு அடங்கவில்லையாம். இனி ஊசி போட்டு வதைக்க வேண்டாம், வலிக்கு மட்டும் மாத்திரை, அவருக்குப் பிடித்த இடம் எதற்காவது கூட்டிக்கொண்டு போய் வாருங்கள் என்றார். எவ்வளவு காலம் என்று வேணி கேட்டாள். டாக்டர் மேஜை மேலிருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். ஒரு டாக்டர் சொன்னால் ஆயிற்றா? திருவனந்தபுரத்தில் இதற்கென்றே பெரிய டாக்டர் ஒருவர் இருக்கிறாராம். திரும்பி வந்ததும் அங்கே போக வேண்டும். இப்படிச் சட்டை சட்டையாக எடுத்து அடுக்குகிறவருக்கு வாழ ஆசை வந்துவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. ஆசை வந்தால் பாதி நோய் போனதுபோல.

துணி சோப்புக் கட்டியையும் நைலான் கயிற்றையும் என் சேலைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

மைசூர் வண்டி. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்டேஷனையும் சொந்தக்காரர் வீடுபோல எட்டிப் பார்க்கிறார். மைசூர், மடிக்கேரி, மங்களூர் என்று ஊரைத் தேர்ந்தெடுத்தது இவர்தான். ஏன் என்று இன்றுதான் சொன்னார்.

"மடிக்கேரிக்கு நம்ம பக்கத்துலருந்து தெனமும் ஒரு கட்டு கடுதாசி போகும். அந்த மலையில யாருக்கு இம்புட்டு எழுதுதாகன்னு நெனச்சுக்கிடுவேன். போயிப் பாக்கணும்னு இருந்துச்சு."

இட்லியில் பாதியைத் தின்றுவிட்டுப் போதும் என்றார். ஓசூரில் வண்டி நிற்கும்போது பார்க்க வருகிறேன் என்றாள் வேணி. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஜூலை 7, திங்கள்

அரண்மனை. வாசலில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, "நீ போயிப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார். அவ்வளவு தூரம் வந்து இவருக்குப் பதிலாக நான் பார்ப்பதற்கா டிக்கெட் எடுத்தோம் என்று சத்தம் போட்டேன். பிறகு போய்ப் பார்த்தேன். தங்கம், கண்ணாடி, யானைத் தந்தம். ஒன்றும் மனதில் நிற்கவில்லை. திரும்பி வந்து, "கூரையெல்லாம் மயில் வரைஞ்சிருக்காக" என்று சொன்னேன். சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டார்.

காலையில் ஒரு சட்டை, சாயங்காலம் ஒரு சட்டை. மாப்பிள்ளைகூட இப்படி மாற்ற மாட்டார். நீலக்கோடு போட்டதைக் கழற்றி மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தார். தீபாவளிச் சட்டை அது. ஒரே ஒரு அலசு அலசிப் போட்டால் விடிவதற்குள் காய்ந்துவிடும். "சோப்பத் தொடாதன்னேன்லா" என்றார்.

எல்லாச் சட்டையும் இவருக்குத் தொளதொளவென்று இருக்கிறது. துணி இளகியிருக்கும்.

ஜூலை 8, செவ்வாய்

இன்று ஒரு கூத்து. அறையைக் காலி செய்து ஆட்டோவில் ஏறிவிட்டோம். லாட்ஜ் ஆள் மூச்சு வாங்க ஓடி வந்து ஆட்டோவை மறித்தான். கையில் அந்த நீலக்கோட்டுச் சட்டையும் இன்னொன்றும்.

"சார், ஷர்ட் மறந்துட்டீங்க!"

"அது என்னுது இல்லப்பா" என்றார் இவர், முகத்தை நேராக வைத்துக்கொண்டு.

"நேத்து நீங்கதானே சார் போட்டிருந்தீங்க? நான் காப்பி கொண்டாந்தேனே!"

ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். எத்தனை மாதமாயிற்று இப்படிச் சிரித்து, வயிறு வலிக்கிற அளவுக்கு. தேடிப் போய்த் தொலைத்தாலும் திரும்பி வருகிற சட்டை. அந்த ஆளுக்குக் காசு கொடுத்துச் சட்டைகளை வாங்கி என் கூடையில் வைத்துக்கொண்டேன். இவர் மட்டும் சிரிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். விளையாட்டுக்கு இவ்வளவு கோபம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

ஜூலை 9, புதன்

மடிக்கேரி. வந்து இறங்கியதிலிருந்து மழை. வானத்தில் ஓட்டை என்பார்களே, இங்கே வானமே ஓட்டைதான். எதிரே மலை இருக்கிறதாம், சொன்னார்கள்.

ஒரு வீட்டின் மாடியில் தங்கியிருக்கிறோம். வீட்டுக்காரம்மா பெயர் தங்கம்மா. தமிழ்க்காரர் என்று நினைத்து ஊர்க்கதையெல்லாம் பேச ஆரம்பித்துவிட்டேன். இந்த ஊர்க்காரர்களும் அந்தப் பெயர் வைப்பார்களாம். அவருக்குத் தெரிந்த தமிழ் பத்து வார்த்தை இருக்கும். அதில் "சாப்பிடுங்க" ஒன்று. இவரைப் பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்கிறார்.

இவர் இப்போது உஷாராகிவிட்டார். கழற்றிய சட்டையைச் செய்தித்தாளில் பொதிந்து குப்பைக் கூடையில் போட்டு, மேலே வாழைப்பழத் தோலையும் போட்டு மூடி வைத்திருக்கிறார். மத்தியானம் கண் அயர்ந்ததும் அதை எடுத்தேன். வேணி முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பிய சட்டை. பழத்தோல் கறை படிந்தால் போகாது. குழாயைச் சன்னமாகத் திறந்து, அடிக்காமல் கும்மாமல், கள்ளிபோலக் கசக்கித் துவைத்தேன். மைசூர்ச் சட்டைகளையும் சேர்த்துத்தான். அறைக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு சந்து இருக்கிறது. அங்கே கயிறு கட்டிப் போட்டிருக்கிறேன். சந்துப் பக்கம் இவர் வர மாட்டார், படி இறங்க வேண்டும்.

திருவனந்தபுரத்துக்குப் போகும்போது போட நல்ல சட்டை வேண்டாமா? ஆண்பிள்ளைகளுக்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது.

ஜூலை 10, வியாழன்

மழை. ஒன்றும் காயவில்லை.

ஜூலை 11, வெள்ளி

மழை சற்று ஓய்ந்ததும் ராஜா சீட் என்ற இடத்துக்கு ஆட்டோவில் போனோம். பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும் என்றார்கள். நுழைவாயிலிலிருந்து கொஞ்சம் நடக்க வேண்டும். நாலு எட்டு வைத்துவிட்டு, "காத்து நல்லாருக்கு, இங்கனயே நிப்போம்" என்றார். கைப்பிடிச் சுவரைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. பனி மூடி வெள்ளையாக இருந்தது, நின்ற இடத்திலிருந்தும் ஒன்றும் தெரியவில்லை. நடந்து போயிருந்தாலும் தெரிந்திருக்காது என்று சமாதானம் சொன்னேன்.

"இங்க உள்ளவுகளுக்குத்தான் அம்புட்டு கடுதாசி போச்சு" என்றார் அந்த வெள்ளையைப் பார்த்து.

சந்தில் போட்டவை மூன்றாம் நாளும் ஈரம். இதற்குள் குப்பைக் கூடையிலிருந்து இன்னும் சில சேர்ந்துவிட்டன. ஈர வாடை வர ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல் தங்கம்மாவிடம் சைகையில் கேட்டேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய் அடுப்புக்கு மேலே கட்டியிருந்த மூங்கிலில் போட்டார். புண்ணியவதி என்று நினைத்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால், கீழே பெரிய சட்டியில் பன்றிக்கறி கொதித்துக்கொண்டிருக்கிறது. சுத்த சைவம் நாங்கள். ஆவுடையப்பன் என்று பெயர் வைத்துக்கொண்ட மனிதரின் சட்டையெல்லாம் கறி மணக்கிறது. தங்கம்மாவோ முகம் நிறையச் சிரித்துக்கொண்டு, "காஞ்சுது, காஞ்சுது" என்கிறார். அந்த அம்மாளிடம் என்னவென்று சொல்ல? கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்து அத்தனையையும் மறுபடி நனைத்தேன்.

துவைக்கும்போது அழுதேன். சோப்புத் தண்ணீர் கண்ணில் பட்டுவிட்டது என்று எழுதலாம். படவில்லை. இவர் சட்டைக் கழுத்தில் எப்போதும் ஒரு அழுக்குக் கோடு இருக்கும், தபால் வண்டிக் கரியும் வியர்வையும். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கோட்டோடு சண்டை போட்டிருக்கிறேன். இப்போது கழுத்தில் கோடே இல்லை. நாள் முழுக்கப் போட்ட சட்டை, போடாததுபோல இருக்கிறது.

வேணி போனில் கேட்டாள், "அப்பா நல்லா சாப்பிடுதாங்களாம்மா?" மூன்று தோசை சாப்பிட்டார் என்று சொன்னேன்.

ஜூலை 12, சனி

மங்களூர் பஸ். ஈரச் சட்டைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்து, என் சேலைகளுக்கு நடுவில் பெட்டியில் வைத்துவிட்டேன். கண்டக்டர் பெட்டியைத் தூக்கி மேலே வைக்கும்போது இவர் ஒரு கை கொடுத்தார்.

"ஏளா, என்ன இது? போகப் போகக் கொறையணும். வரும்போது இருந்ததவிடக் கனக்குல்லா?"

"தேன் வாங்கியிருக்கேன். காப்பிக்கொட்டை, மிளகு. வேணிக்கு, பக்கத்து வீட்டுக்கு, பிச்சம்மாக்காவுக்கு."

எனக்கே ஆச்சரியம், பொய் கோத்தாற்போல வருகிறது. பிச்சம்மாக்கா என்றதும் இவர் ஒரு மாதிரியாக என்னைப் பார்த்தார். அக்கா இவருடைய அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் சுடலைமுத்து போய் நாலு வருஷமாகிறது.

வழி முழுக்க வளைவு. இரண்டு தடவை வாந்தி எடுத்தார். அந்தச் சட்டையை லாட்ஜுக்கு வந்ததும் நானே கழற்றினேன். "இதயாவது விட்டுருளா" என்றார். துர்நாற்றத்தோடு எப்படி விட்டுவிட்டு வருவது, அடுத்தவர் என்ன நினைப்பார் என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜூலை 13, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டார்.

நான் கீழே கஞ்சி வாங்கப் போயிருந்தேன். தொண்டை வறண்டதென்று தேனைத் தேடிப் பெட்டியைத் திறந்திருக்கிறார். திரும்பி வந்தால், கட்டில் முழுக்கச் சட்டைகள். ஒவ்வொன்றையும் பிரித்து, கையை நீட்டி வைத்து, ஆள் படுத்திருப்பதுபோல வரிசையாகப் பரப்பியிருந்தார். இவருக்கு உட்கார இடமில்லை. நாற்காலியில் இருந்தார்.

"இது என்ன?"

"சட்டை."

"சட்டைன்னு தெரியுது."

"வீட்டுக்குப் போனா என்னத்தப் போடுவீக? திருவனந்தபுரம் போகணும். அங்க டாக்டர்கிட்ட..."

"வடிவு." சத்தம் போடவில்லை. சத்தம் போட மூச்சு இல்லை. "அன்னைக்கு மதினி ஓடுனத நீ பாக்கல. நான் பாத்தேன்."

எனக்கு அந்தக் கதை தெரியும். ஆனால் கேள்விப்பட்டதுதான். அண்ணன் காரியம் முடிந்ததும் அவர் துணிமணிகளை எங்கள் வழக்கப்படி சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். நல்ல துணி வீணாகக் கூடாது, போட்டால் அவர் ஞாபகமாக இருக்கும் என்றுதான். சில மாதம் கழித்து, பிச்சம்மாக்கா கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கிறாள். தூரத்தில் பச்சைக்கட்டம் போட்ட சட்டை, முதுகு மட்டும் தெரிந்திருக்கிறது. கைப்பையைப் போட்டுவிட்டுப் பஸ்களுக்கு நடுவில் ஓடினாளாம், "நில்லுங்க, நில்லுங்க" என்று. திரும்பிப் பார்த்தது அவளுடைய தங்கை மாப்பிள்ளை.

"நாந்தான் கூட்டிக்கிட்டு வந்து வீட்டுல விட்டேன்," என்றார் இவர். "அதுக்குப் பெறவு மதினி தெருவத் தாண்டுறதே இல்ல. எந்த முதுகுல எந்தச் சட்ட இருக்குமோன்னு பயம். நீ அப்பிடி இருக்கக் கூடாது. நீ கடைக்குப் போவணும், கோயிலுக்குப் போவணும். நம்ம ஊருல ஒருத்தன் முதுகுலயும் என் சட்ட இருக்கக் கூடாது. அதாம் நமக்குச் சம்பந்தமில்லாத ஊரா பாத்து விட்டுக்கிட்டு வாரேன். நீ எல்லாத்தயும் பெறக்கிப் பெறக்கிக் கொண்டாரே."

கஞ்சித் தூக்கு கையில் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

நான் பேசியதையெல்லாம் எழுதக் கூடாது. ஆனாலும் எழுதுகிறேன். என்னைக் கேட்டா முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன். சாவதற்கு முன்னாலேயே பீரோவைக் காலி செய்கிற மனிதனை உலகத்தில் பார்த்ததுண்டா என்று கேட்டேன். ஒரு சட்டை இருந்தால் மோந்து பார்த்துக்கொண்டாவது கிடப்பேனே, அதையும் ஏன் பிடுங்குகிறீர்கள் என்று கேட்டேன். ஆமாம், அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. திருவனந்தபுரத்து டாக்டரைப் பற்றி அதற்குப் பிறகு நான் பேசவில்லை.

கட்டிலில் இருந்த சட்டைகளை நான் மடிக்க ஆரம்பித்தேன். அவரும் ஒரு பக்கம் பிடித்தார். ஈரத் துணியைப் பிழியும்போது இரண்டு பேர் பிடிப்போமே, அப்படி.

ஜூலை 14, திங்கள்

கொடுத்துவிட்டேன்.

இந்த லாட்ஜில் அறை பெருக்குகிற வாமன் என்று ஒருவர். ஐம்பது வயதிருக்கும். மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். அவரைக் கூப்பிட்டு, சட்டையெல்லாம் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"நல்ல துணியாணே அம்மா. எந்தினா தர்றீங்க?" ஏன் தருகிறேன் என்று கேட்கிறார்.

"சாருக்குப் பெருசாப் போச்சு."

முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன். வாமன் நாற்காலியில் இருந்த இவரைப் பார்த்தார். தன் தம்பியும் கூட்டாளிகளும் சுமை தூக்குகிறார்களாம், எல்லோருக்கும் ஆகும் என்றார். ஈரமாக இருக்கிறதே என்றேன். அது பரவாயில்லை, உடம்பில் போட்டால் உலர்ந்துவிடும் என்றார்.

கழுத்து நைந்த அந்த வீட்டுச் சட்டை ஒன்றை மட்டும் தலையணைக்குக் கீழே தள்ளி வைத்திருந்தேன். "அதயும் குடுத்துரு" என்றார் இவர், கண்ணைத் திறக்காமலே. கொடுத்துவிட்டேன். இனி இவருக்கென்று இருப்பது மேலே போட்டிருக்கிற வெள்ளைச் சட்டை ஒன்றுதான்.

மத்தியானம் தயிர் ஊற்றி ஒரு கிண்ணம் சோறு முழுக்கச் சாப்பிட்டார். "டூட்டி முடிஞ்சு வண்டிய விட்டு எறங்குன மாதிரி இருக்கு" என்றார். பிறகு நன்றாகத் தூங்கினார். நான் ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். செய்ய வேலை எதுவும் இல்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று, அதைச் செய்துவிட்டேன் என்று மனதுக்கு ஒரு ஆறுதல். நான் பிச்சம்மாக்கா மாதிரி இல்லை, எனக்கு மனத்திடம் உண்டு என்று அவர் தெரிந்துகொண்டிருப்பார்.

கடல் பார்க்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

வண்டியில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக வருகிறது.

காலையில் ஸ்டேஷனுக்கு ஆட்டோவில்தான் வந்தோம், நடக்கிற தூரம்தான் என்றாலும். பெட்டி இப்போது தக்கைபோல இருக்கிறது. நானே ஒரு கையில் தூக்கிக்கொண்டு வந்தேன். நடைமேடையில் ஒரு பெஞ்சில் இவரை உட்கார வைத்து, என் சால்வையைப் போர்த்திவிட்டு, ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சுளையைச் சப்பிவிட்டுச் சக்கையை என் உள்ளங்கையில் கொடுத்தார். "வீட்டுக்குப் போனதும் நீ ஒரு எட்டு மதினியப் போயிப் பாரு. கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போ" என்றார். சரி என்றேன்.

அப்போது வண்டி எந்த நடைமேடையில் வருகிறது என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எங்கள் தலைக்கு மேலேயே பலகையில் எழுதியிருந்தது. ஆனாலும் இந்தக் காலத்தில் எதையும் நம்ப முடியாது, யாரிடமாவது கேட்டுவிடுவது நல்லது. சற்றுத் தள்ளி, கூட்டத்தில் ஓர் ஆள் தலையில் மூட்டையோடு போய்க்கொண்டிருந்தார். நீலக்கோடு போட்ட சட்டை. அவரைக் கேட்கலாம் என்று எழுந்து போனேன்.

அவர் வேகமாக நடந்தார். அதனால் நானும் வேகமாகப் போக வேண்டியிருந்தது. வழியில் ஒரு குடும்பம் விரித்து உட்கார்ந்திருந்தது, அவர்கள் சாப்பாட்டின் மேல் மிதித்துவிட்டேன் போல, யாரோ சத்தம் போட்டார்கள். "நில்லுங்க" என்று கூப்பிட்டேன். நிற்காமல் போகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? படிக்கட்டுக்குப் பக்கத்தில் சட்டையின் கையைப் பிடித்துவிட்டேன். இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

திரும்பினார். சின்ன வயசு. வாமனின் தம்பியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மூட்டையைப் பிடித்தபடி பயந்துபோய் என்னைப் பார்த்தார். எனக்கு என்ன கேட்க வந்தேன் என்பது சட்டென்று வாயில் வரவில்லை. பிறகு கேட்டேன். அவருக்குத் தமிழ் தெரியவில்லை. விரலைக் காட்டிக் கேட்டதும் நான் வந்த பக்கத்தையே காட்டினார்.

திரும்பி நடக்கும்போதுதான் ஒரு காலில் செருப்பு இல்லை என்று தெரிந்தது.

இவர் பெஞ்சில் இல்லை. எழுந்து, பிடிமானம் எதுவும் இல்லாமல், நடைமேடை நடுவில் நின்றுகொண்டிருந்தார். சால்வை கீழே கிடந்தது. ஆரஞ்சுச் சுளைகள் சிதறிக் கிடந்தன. கையில் என் செருப்பு. எவ்வளவு நேரமாக அப்படி நின்றாரோ.

"ஏளா," என்றார், "நா இங்கனதான இருக்கேன்."

"பிளாட்பாரம் கேக்கத்தான் போனேன்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். எவ்வளவோ பாடுபட்டு, ஊர் ஊராக வந்து, எதையுமே தடுக்க முடியவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அது எனக்கும் தெரிந்தது. குனிந்து செருப்பை என் காலடியில் வைத்தார். குனிந்தவரால் நிமிர முடியவில்லை. நான்தான் பிடித்துத் தூக்கினேன்.